மாமியின் உயரம்

என் குரல் கொஞ்சம் பெரிசு. எதிர்வீட்டு ஆஸியா பீவி சொல்வாள், "பத்ரு, நீ உன் வீட்டுல உப்பு எங்கன்னு கேட்டா, நான் எங்க வீட்டுல எழுந்து தேடுறேன்" என்று. இருக்கட்டுமே. புருஷன் வருஷக்கணக்காக வெளிநாட்டில் இருக்க, பால்காரனிலிருந்து கரண்டு ஆபீஸ்காரன் வரைக்கும் எல்லோரையும் கதவுக்கு உள்ளே இருந்தபடியே சமாளித்தவள் நான். கதவைத் தாண்டிக் கேட்கிற மாதிரிப் பேசித்தானே ஆக வேண்டும்? அந்தக் குரல் அப்படியே தங்கிவிட்டது. அதுவே ஒரு நாள் எங்கள் அடுப்பாங்கரைக்கு வம்பாக வந்து நிற்கும் என்று யார் கண்டது!

காரைக்காலில் எங்கள் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். என் ஒரே மகள் சஜிதாவைக் கட்டிய அஃப்ரித் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தார் என்று பேருக்குச் சொல்லலாம். கல்யாணமான கையோடு ஷார்ஜாவுக்குப் போனவர், நாலு வருஷத்தில் இரண்டே தடவை லீவில் வந்துபோனார். அங்கே ஓட்டலில் சமையல் வேலை. வந்த நாட்களிலும் நான் அவர் எதிரே போய் நின்றதில்லை. மாமியார் மாப்பிள்ளைக்கு முன்னால் வருவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. பேச்செல்லாம் திரைக்குப் பின்னால் இருந்துதான், அதுவும் நேராக இல்லை.

"மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இடியாப்பம் வைடி, கூச்சப்படுறாங்க" என்பேன் மகளிடம்.

"போதும்னு மாமிகிட்ட சொல்லு" என்பார் அவரும் மகளிடமே.

நடுவில் நிற்கிற சஜிதா இரண்டு பக்கமும் மண்டையை ஆட்டுவாள். நான் திரை இடுக்கு வழியாக அவரைப் பார்த்திருக்கிறேன். குட்டையான ஆள். சஜிதா அவள் வாப்பா மாதிரி நெட்டை. மாப்பிள்ளை அவளுக்குக் காதுமட்டம்தான் வருவார். ஆனால் அவர் என்னைப் பார்த்ததே கிடையாது. என் சத்தம் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்வார். அவ்வளவு மரியாதை.

போன பெருநாள் கழிந்து அந்த ஓட்டலை மூடிவிட்டார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினார். ஊரில் ஒரு ஏஜென்ட், "வேற இடம் தயாரா இருக்கு, மாசக் கடைசிக்குள்ள பாஸ்போர்ட்டைக் கொடுங்க" என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போனுக்கும் என் மகளின் முகம் சுருங்கியது. அந்த முகம் எனக்குத் தெரியும். என் முகம்தான் அது.

என் வீட்டுக்காரர் அப்துல் லத்தீப் காலமெல்லாம் சவூதியில் இருந்தார். போனிலேயே குடும்பம் நடத்தினோம். ஊரோடு அவர் வந்து சேர்ந்தபோது சர்க்கரை வியாதியும் கூடவே வந்து சேர்ந்தது. சீக்கிரமே வஃபாத்தாகி என்னைத் தனியாக விட்டுப் போய்விட்டார். எனக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்கும், அவருக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கும் அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. என் மகளுக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். தொழுது முடித்துக் கையேந்தினால் நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஒரு நாள் சஜிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உம்மா, அவங்க கைப்பக்குவம் உங்களுக்குத் தெரியாது. கீழவாஞ்சூர் துறைமுகத்துல லாரிக்காரங்க, ஆபீஸ்ல வேலை பார்க்குறவங்க எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு அலையுறாங்க. வீட்டுலேயே ஆக்கி டப்பாவுல கொடுத்தா வாங்குவாங்க. இப்பவே சில பேரு கேட்டிருக்காங்க. ஆனா நம்ம அடுப்பாங்கரையில..."

மீதியை முழுங்கிவிட்டாள். அவள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? எங்கள் அடுப்பாங்கரை பகலிலும் இருட்டு. அடுப்பு தரையோடு தரையாக இருக்கும். நான் மணையில் உட்கார்ந்தே ஆக்குவேன், அரிவேன், அரைப்பேன். சாமானெல்லாம் என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து கொண்டுவந்த பால் பவுடர் டின்களிலும் ஜூஸ் பவுடர் பாட்டில்களிலும் இருக்கும். எதற்குள் எது என்பது அல்லாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பெரிய தேக்சா பாத்திரத்தை இறக்கினால் ஆள் நடக்க வழி இருக்காது. இதில் எங்கே வியாபாரம் பண்ணுவது?

"இங்க ஒண்ணும் அமையலேன்னா ஏஜென்ட்கிட்ட போயிடுவாங்கம்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"இடிச்சுக் கட்டுங்கடி!" என்றேன். எதிர்வீட்டில் ஆஸியா பீவி எழுந்து வெளியே வந்து பார்த்தாள்.

"அவங்களும் நீங்களும் எப்படி உம்மா ஒரே அடுப்பாங்கரையில?"

"அவங்க கொல்லைக் கதவு வழியா வரட்டும். நான் கூடத்துக் கதவு வழியா வர்றேன். வர்றதுக்கு முன்னாடி செருமுறேன், அவங்க வெளியே போயிடட்டும். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?"

வேலை ஆரம்பித்தது. சிக்கனமாகத்தான். தண்ணீர்க் குழாயை நகர்த்தவில்லை, அதை நகர்த்தினால் செலவு எகிறிவிடும் என்று மாப்பிள்ளை முதலிலேயே சொல்லிவிட்டார். டைல்ஸ் கடையில் மிஞ்சிக் கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்தார். ஒரு சுவரில் பூ, ஒரு சுவரில் கட்டம். இடித்துப் போட்ட பழைய லாட்ஜிலிருந்து மேடைக்குக் கறுப்புக் கிரானைட் இரண்டு துண்டு. எங்கள் பழைய பீரோவின் கதவுகளைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, அலமாரிக்கு மாட்டினார். கொத்தனார் வேலைக்கு மட்டும் வரிச்சிக்குடியிலிருந்து சுப்பையன் வந்தான். பகலில் சஜிதா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விடுவாள். நடுவில் பேச ஆள் வேண்டுமே? சுப்பையன் மாட்டிக்கொண்டான்.

நான் கூடத்தில் திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

"சுப்பையா, ஜன்னலை இன்னும் பெரிசா எடுக்கணும்னு சொல்லுப்பா!"

சுப்பையன் பக்கத்திலேயே நிற்கிற மாப்பிள்ளையிடம் திரும்பி, "தம்பி, ஜன்னலைப் பெரிசா எடுக்கணுமாம்" என்பான்.

"எடுத்துடலாம்னு மாமிகிட்ட சொல்லுங்க."

"அம்மா, எடுத்துடலாமாம்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்குக் காது இல்லையா?"

"அப்ப நான் எதுக்கும்மா நடுவுல? சாந்து கலக்குறதா, சேதி சொல்றதா?" என்று அலுத்துக்கொள்வான்.

சாமான்களை அடுக்குகிற விஷயத்தில்தான் சண்டை வந்தது. அடிக்கடி எடுக்கிறது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்க வேண்டும், கனமானது கீழே, விருந்தில் நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிட எப்போதாவது எடுக்கிற பெரிய சஹன் தட்டுகள் உச்சித் தட்டில் என்றார் மாப்பிள்ளை. சரி, நியாயம்தான். டின்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே மாதிரி டப்பா வாங்கலாம் என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அந்த டின்னு ஒவ்வொண்ணும் அவர் தோள்ல சுமந்து கொண்டாந்தது! அதைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி என்னைத் தூக்கிப் போடச் சொல்லு சுப்பையா!"

மறுநாள் திரை இடுக்கில் பார்க்கிறேன், மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு டின்னையும் சாம்பல் போட்டுத் துலக்கி, துருவைத் தேய்த்து, வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். காய்ந்ததும் பெயர் எழுதினார். அதைவிட ஒன்று செய்தார். மீன் ஆணத்துக்கு, அதாவது எங்கள் மீன் குழம்புக்கு, வேண்டிய புளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், வெந்தயம் எல்லாவற்றையும் ஒரே தட்டத்தில் வைத்தார். நெய்ச்சோற்றுக்கு வேண்டிய பட்டை, கிராம்பு, ஏலத்துக்குத் தனித் தட்டம். தட்டத்தை இழுத்தால் எல்லாம் கைக்கு வந்துவிடும். இத்தனை வருஷம் ஆக்கிப் போட்ட எனக்கு இது தோன்றவில்லையே என்று இருந்தது. வாய்விட்டுச் சொல்வேனா? "பரவாயில்லைன்னு சொல்லு சுப்பையா" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

சிமெண்ட் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமி இருமி நெஞ்சு நோக ஆரம்பித்தது. நாகூரில் இருக்கும் என் தங்கை ஷரீபுன்னிசா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மேடைக் கல் பதித்ததெல்லாம் நான் இல்லாதபோதுதான்.

திரும்பி வந்த அன்று நேராக அடுப்பாங்கரைக்குத்தான் போனேன். மாஷா அல்லாஹ், என்ன வெளிச்சம்! பெரிய ஜன்னல் வழியாகக் கொல்லை வாழைமரம் தெரிந்தது. வெள்ளை டின்கள் வரிசையாக நின்றன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

மேடை என் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேடைமேல் அடுப்பு, அடுப்பின்மேல் சட்டி வைத்தால் என் கண்ணுக்கு எதிரே சட்டியின் வயிறுதான் தெரியும். ஆணம் கொதிக்கிறதா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எட்டி எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு நேர்கீழே தரையில் செங்கல் இரண்டு கிடந்தது, கொத்தனார் மிச்சம் வைத்துப் போனது போலிருக்கிறது. கால் இடறியது.

அப்போது சஜிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, அந்த மேடைமேல் பையை வைத்துவிட்டுச் சாய்ந்து நின்றாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. "எப்படி உம்மா இருக்கு?" என்று சிரித்தாள்.

ஓஹோ. எனக்கு விளங்கிவிட்டது. என் வீடு, என் அடுப்பாங்கரை, ஆனால் எனக்கு இனி இங்கே நிற்க இடமில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு கிட என்று கல்லை வைத்தே சொல்லிவிட்டார்கள். ஷரீபுன்னிசா வந்து கூட்டிக்கொண்டு போனதுகூட ஏற்பாடுதானோ என்று மனசு போயிற்று. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய மண்ணெண்ணெய் அடுப்பையும் என் மணையையும் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். தகரக் கொட்டகைக்குக் கீழே எனக்கு மட்டும் கஞ்சி காய்ச்சிக் குடித்தேன்.

கத்தியிருந்தால் சரியாகப் போயிருக்கும். நான் கத்தாததுதான் வீட்டையே ஆட்டிவிட்டது. மறுநாள் ஆஸியா பீவி ஓடி வந்தாள். "என்னடி பத்ரு, சத்தத்தையே காணோம்? உடம்புக்கு முடியலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்கு மாப்பிள்ளை புது அடுப்பில் முதல் தடவையாகச் சமைத்தார். தாளிச்சா வாசனை கொல்லை வரைக்கும் வந்தது. எனக்கு என்று ஒரு கிண்ணத்தில் மகள் கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை.

அடுத்த நாள் பொழுது சாய்ந்ததும் மஃரிபு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். சஜிதா வந்து என் எதிரே நின்றாள். அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நாளைக்குக் காலையில ஏஜென்ட்டைப் பார்க்கப் போறாங்க. பாஸ்போர்ட்டைக் கொடுக்க."

"ஏன்டி? அடுப்பாங்கரைதான் முடிஞ்சுடுச்சே?"

"நீங்க கொல்லையில உக்காந்து கண்ணைக் கசக்கிக்கிட்டு ஆக்குவீங்க, அவங்க உள்ள நின்னு வியாபாரம் பார்ப்பாங்களா? 'மாமி வீட்டுல மாமிக்கே இடமில்லாம பண்ணிட்டேன், இனிமே நான் இங்க எந்த முகத்தோட இருக்குறது'ன்னு சொல்றாங்க. நேத்திலேர்ந்து சரியா சாப்பிடலை."

"தெரிஞ்சுதானே உன் உயரத்துக்குக் கட்டினாங்க?"

"என் உயரத்துக்கா? யா அல்லாஹ்! உங்க உயரத்துக்கு உம்மா! மாமி காலமெல்லாம் குனிஞ்சே ஆக்கி இடுப்பு போயிடுச்சு, இனிமே அவங்க குனியவே கூடாதுன்னு உங்களுக்காகத்தான் தூக்கிக் கட்டினாங்க!"

"என் உயரத்துக்கா? நான் என்ன தென்னமரமா?"

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களை எங்க பார்த்தாங்க? நான் நெட்டையா இருக்கேன், உங்க குரலோ அவ்வளவு பெரிசு. அந்தக் குரலுக்கு ஆளு என்னைவிட ஒரு பிடி ஒசரமாத்தான் இருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டாங்க."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி?" என்றேன்.

"மாமியாரைப் பார்த்து 'நீங்க எவ்வளவு உயரம்'னு எந்த மாப்பிள்ளை கேப்பாங்க? நானும் கவனிக்கலை. எனக்குச் சரியா இருந்துச்சா, நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவங்களுக்கே எட்டலை. கல்லு பதிச்ச அன்னிக்கே செங்கலைப் போட்டு வச்சு, அதுமேல ஏறி நின்னுதான் ஆக்குனாங்க. கேட்டா, 'எனக்குப் பழகிடும், மாமிக்குச் சௌகரியமா இருந்தாப் போதும்'னாங்க."

அந்தச் செங்கல்! கொத்தனார் மிச்சம் என்று நான் நினைத்த செங்கல். எனக்கு மனசு தாங்கவில்லை. அந்தக் குட்டை மனுஷர் என் இடுப்புக்காகச் செங்கல்மேல் ஏறி நின்றிருக்கிறார். அவர் ஆக்கி அனுப்பிய கிண்ணத்தை நான் தொடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் புருஷனைத் தவிர வேறு யாரும் எனக்கு இடுப்பு வலிக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. அவரும் போனில்தான் கேட்பார்.

காலையில் சுபுஹு தொழுதுவிட்டு, கூடத்துக் கதவுக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். மாப்பிள்ளை உள்ளே தேநீர் போடுகிற சத்தம் கேட்டது. இடுக்கில் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டு இருந்தது. பழக்க தோஷம், செருமிவிட்டேன். அவர் உடனே டம்ளரை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"நில்லுங்க, மாப்பிள்ளை!"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் நேராக அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பிஸ்மி சொல்லித் திரையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் முதுகு ஒட்டி நிமிர்ந்து நின்றேன்.

"பென்சில் இருக்கா?"

"இ... இருக்கு மாமி." தலை தரையில் இருந்தது.

"அளந்துக்குங்க."

"மாமி..."

"தரையைப் பார்த்து அளந்தா என் காலுதான் தெரியும். நிமிந்து பாருங்க."

நிமிர்ந்தார். அவர் பார்வை முதலில் என் தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளிச் சுவரில் போய் நின்றது. அங்கேதான் என் முகம் இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார், பாவம். அங்கே யாரும் இல்லை என்றதும் மெதுவாகக் கீழே இறங்கி, இறங்கி, என்னிடம் வந்து சேர்ந்தது.

"இவ்வளவுதானா மாமி?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இவ்வளவுதான். பாக்கியெல்லாம் குரலு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிரித்ததும் அவரும் சிரித்துவிட்டார். என் தலைக்கு மேலே சுவரில் கோடு போட்டார். அவரையும் நிற்கச் சொல்லி நானே ஒரு கோடு போட்டேன். நாலு விரல்கடைதான் வித்தியாசம். சத்தம் கேட்டு ஓடி வந்த சஜிதா, கூடத்துக் கதவில் கையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

மிச்சச் சாமானை எடுத்துப்போக வந்த சுப்பையன் கொல்லைக் கதவில் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தான். "அட, ரெண்டு பேரும் நேரா பேசிக்கிறீங்களா? அப்ப என் வேலை போச்சு!"

"நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா சுப்பையா, நான் குட்டைன்னு?"

"நீங்க நாற்காலியில உக்காந்துக்கிட்டே அதிகாரம் பண்ணினா எனக்கு எப்படிம்மா தெரியும்? இப்பத்தான் முழுசா பார்க்குறேன்" என்றான்.

கல் இரண்டு துண்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று. அடுப்பு இருக்கிற பாதியை இறக்கிவிடலாம், பெரிய தேக்சாவில் கிளறுவதற்கும் அதுதான் வசதி என்றார் மாப்பிள்ளை. மற்றப் பாதி அப்படியே இருக்கட்டும், சஜிதா நின்று டப்பா கட்டுவதற்கு. சுப்பையன் முணுமுணுத்துக்கொண்டே சாந்துக் கரண்டியை எடுத்தான். அதற்குள் மாப்பிள்ளையின் போன் அடித்தது. ஏஜென்ட். அவர் போனைப் பார்த்தார், சஜிதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு மீன் ஆணம் யாரு ஆக்குறது, நீங்களா, நானா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருமா ஆக்குவோம் மாமி" என்றார். போன் அடித்து ஓய்ந்தது.

சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இதை எங்க வைக்கிறது?"

"உங்க கணக்குப்படி எப்பவாவது எடுக்குற சாமான் எங்க இருக்கணும்?"

"உச்சித் தட்டுல."

காலியாக இருந்த ஒரு டின்னை எடுத்து நீட்டினேன். என் வீட்டுக்காரர் கடைசித் தடவை வந்தபோது கொண்டுவந்தது அது. பாஸ்போர்ட்டை அதற்குள் போட்டு மூடினார். சஜிதா வாங்கி, குதிகால்கூடத் தூக்காமல் உச்சித் தட்டில் சஹன் தட்டுகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். எனக்கு அது எட்டாது. மாப்பிள்ளைக்குச் செங்கல் போட்டாலும் எட்டாது. வேண்டுமென்றால் என் மகளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.